மனித வைரசுக்குப் பதில் விலங்கு வைரசு: ஈரல் அழற்சி மருந்துகளைச் சோதிக்கத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் மாரி மழை விட்டதும் தோட்டக்கரைகளிலும் பனங்காணிகளிலும் கீழ்க்காய்நெல்லி தானாக முளைத்து நிற்கிறது. செங்கண்மாரி கண்டவருக்கு அதை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுப்பது இங்கு இன்றும் உள்ள வழக்கம். ஆகவே நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ சித்த மருத்துவமோ படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடும்போது, இந்த மூலிகை ஈரல் அழற்சி வைரசை அடக்குமா என்ற கேள்வியோடு வருவதில் வியப்பில்லை. அவர்களில் பெரும்பாலோர் அடுத்த கேள்வியிலேயே தடைப்பட்டு நிற்கிறார்கள்: மனித வைரசை வளர்க்க வசதியில்லாத ஆய்வுகூடத்தில் இதை எப்படிச் சோதிப்பது? உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் பல ஆண்டுகள் இதே இடத்தில் நின்றவைதான். அவை கண்ட வழி, மனித வைரசின் உறவுக்கார விலங்கு வைரசு ஒன்றைப் பதிலியாக வைத்து மருந்தைச் சோதிப்பது. அந்த வழியில் முதல் முறையாக நடக்கப்போகிறவருக்காக இது எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செங்கண்மாரி என்பது ஓர் அறிகுறி. அதை உண்டாக்கும் வைரசுகள் பல. ஏ, ஈ வகைகள் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுகின்றன. கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்கும் நமது சுண்ணக்கல் நிலத்தில் இது நன்கு அறிந்த கவலை. பி, சி, டி வகைகள் இரத்தத்தாலும் உடற்திரவங்களாலும் பரவி, ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஈரல் இறுகலுக்கும் புற்றுநோய்க்கும் கொண்டுசெல்லக் கூடியவை. ஏ வகை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் நோயாளி குடித்தது எதுவாக இருந்தாலும் பெயர் அதற்கே போகும் என்பதால், 'எங்கள் ஊரில் பலருக்குச் சுகமானது' என்ற செய்தியை ஆய்வின் தொடக்கச் சான்றாக எடுக்கக் கூடாது. பதிலி வைரசுகள் பெரிதும் பயன்பட்டது பி, சி வகைகளுக்கே. இக்கட்டுரையும் அவற்றோடு நின்றுகொள்கிறது.

பதிலி ஏன் தேவைப்பட்டது?

பி வகை வைரசு மனிதரையும் சிம்பன்சியையும் தொற்றும். மர மூஞ்சூறு இனம் ஒன்றையும் ஓரளவு தொற்றும். எலியும் முயலும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஈரற் கலத்துக்குள் அது நுழையப் பயன்படுத்தும் வாங்கிப் புரதம் 2012 இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை ஆய்வுகூடத்தில் எளிதாக வளரும் மனித ஈரற் கலங்களை அந்த வைரசால் தொற்றச்செய்ய முடியவில்லை. வைரசின் மரபணுத் தொகுதியைப் புகுத்தி உருவாக்கிய கல வரிசைகள் 1987 முதல் இருந்தன. அவை வைரசுத் துகள்களை வெளிவிட்டன என்றாலும், இயற்கையான தொற்றின் முதற் கட்டங்களை அவற்றில் பார்க்க இயலாது. சி வகையின் கதை இன்னும் கடினமானது. அதன் மரபணுத் தொகுதி 1989 இல் கண்டறியப்பட்டது. மரபணுத் தொகுதியின் ஒரு பகுதி தன்னைப் பிரதிசெய்துகொள்ளும் கல அமைப்பு 1999 இல் வந்தது. முழு வைரசும் கல வளர்ப்பில் பெருகியது 2005 இல். இடைப்பட்ட காலத்தில் மருந்து தேடியவர்களுக்குச் சிம்பன்சியை விட்டால் உறவுக்கார வைரசுகளே கதி.

உறவினர்களின் பட்டியல் நீளமானதன்று. பி வகைக்கு இரண்டு முக்கியமானவை. வட அமெரிக்காவில் வாழும், அணிற் குடும்பத்தைச் சேர்ந்த வூட்சக் என்ற விலங்கின் ஈரல் அழற்சி வைரசு 1978 இல் விவரிக்கப்பட்டது. பீக்கிங் வாத்துகளில் காணப்பட்ட வாத்து ஈரல் அழற்சி பி வைரசு 1980 இல் விவரிக்கப்பட்டது. சி வகைக்குப் பதிலியாக நின்றது, மாடுகளில் கழிச்சலையும் கருச்சிதைவையும் உண்டாக்கும் பிவிடிவி என்ற வைரசு. டமரின் குரங்குகளில் பெருகும் ஜிபி வைரசு பி என்பது சி வகைக்கு இதைவிட நெருங்கிய உறவு. ஆனால் அதற்குக் குரங்குகள் வேண்டும் என்பதால் நமக்கு அது எட்டாத காரியம்.

முதற் படி: கேள்வியை ஒரு கட்டத்துக்குள் அடக்குங்கள்

பதிலி வைரசு, மனித வைரசின் முழுப் பிரதி அன்று. சில உறுப்புகள் ஒத்திருக்கும், சில ஒத்திரா. எனவே 'இந்த மருந்து ஈரல் அழற்சிக்கு நல்லதா' என்று கேட்டால் எந்தப் பதிலியும் விடை தராது. வைரசின் வாழ்க்கைச் சுற்றில் எந்தக் கட்டத்தை மருந்து தடுக்கும் என்று எண்ணுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் ஆய்வு இன்னும் தொடங்கத் தயாராகவில்லை என்றே பொருள்.

பி வகை தனது ஏறத்தாழ 3,200 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரதிசெய்வதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. ஆக எழுதி, அதிலிருந்து மீண்டும் டி.என்.ஏ.வை ஆக்குகிறது. இந்தப் பின்னோக்கிய பிரதியாக்கத்தை 1982 இல் முதன்முதலில் காட்டியது வாத்து வைரசில் நடந்த ஆய்வுதான். அக்கட்டத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடுபவருக்கு வாத்து வைரசு நேர்மையான பதிலி. ஆனால் ஈரற் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் எக்ஸ் புரதம், மனித வைரசில் இருப்பதுபோல் வாத்து வைரசில் இல்லை. கலத்துக்குள் நுழையும் வாங்கியும் வேறு. நுழைவைத் தடுக்கும் பொருளையோ ஈரற் புற்றுநோயையோ ஆராய்பவர் வாத்தை நாடினால் பயனில்லை. புற்றுநோய்க்கு வூட்சக்தான் பொருத்தம்: பிறந்தவுடன் தொற்றப்பட்டு நாட்பட்ட தொற்றுடன் வாழும் வூட்சக்குகளில் ஏறக்குறைய அனைத்துக்கும் சில ஆண்டுகளில் ஈரற் புற்றுநோய் வருகிறது.

பிவிடிவியும் சி வகையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.என்.ஏ. வைரசுகள். முந்தையது சுமார் 12,300 எழுத்துகள், பிந்தையது சுமார் 9,600 எழுத்துகள் நீளம். இரண்டும் ஒரே நீண்ட புரதத்தை ஆக்கிப் பின் அதைத் துண்டுகளாக வெட்டுகின்றன. இரண்டிலும் புரதத் தயாரிப்பைத் தொடக்கிவைக்கும் ஆர்.என்.ஏ. மடிப்பு முன்முனையில் உண்டு. என்எஸ்3 என்ற வெட்டும் நொதியமும் என்எஸ்5பி என்ற பிரதியெடுக்கும் நொதியமும் இரண்டிலும் உண்டு. இரண்டும் கலத்தின் உள்முதலுருச் சிறுவலைக்குள் அரும்பி வெளியேறுகின்றன. ஆகவே பிரதியெடுக்கும் நொதியத்தைக் குறிவைக்கும் நியூக்கிளியோசைட்டுகள் (மரபணு எழுத்துகளைப் போலத் தோற்றமளிக்கும் மருந்துகள்), வெளியுறைப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலி மடிவதைக் கெடுக்கும் இமினோ சர்க்கரைகள், வைரசுக்கு எதிராக உடல் சுரக்கும் புரதமான இன்டர்பெரோன், வைரசு எதிர்ப்பு மருந்தான ரிபாவிரின் ஆகியவற்றை ஆராய இது பொருந்தும். சி வகையின் வெட்டும் நொதியத்தின் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்த மருந்தைப் பிவிடிவியில் சோதித்து 'வேலை செய்யவில்லை' என்று ஒதுக்கினால், குற்றம் மருந்தில் இராது.

யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு மாணவருக்கு இவற்றுள் நடைமுறைக்கு வருவது பிவிடிவிதான். கல வளர்ப்பு அறையும் கரியமிலவாயு இன்கியுபேட்டரும் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டியும் இருந்தால் போதும், விலங்கு தேவையில்லை. வூட்சக் நமக்குப் படிப்பதற்கு மட்டுமே. இனி வரும் படிகள் பெரும்பாலும் பிவிடிவியைப் பற்றியவை. வாத்துக்குப் பின்னர் சிறிது இடம் உண்டு.

இரண்டாம் படி: அனுமதியும் மாட்டுத் தொழுவமும்

பிவிடிவி மனிதருக்கு நோய் தருவதாக அறியப்பட்டதன்று. அதனால் மாணவர்கள் அதை இலகுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது கால்நடைகளுக்கு ஆபத்தான நோய்க்கிருமி. வெளிநாட்டிலிருந்து வைரசையோ மாட்டுக் கலங்களையோ தருவிப்பதற்குமுன் பேராதனையில் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறவும், பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பாதுகாப்பு, ஒழுக்கநெறிக் குழுக்களின் ஒப்புதலைப் பெறவும் காலம் ஒதுக்குங்கள். ஆய்வுத் திட்டத்தில் மாணவர்கள் குறைத்து மதிப்பிடும் காலம் இதுதான்.

நம்மிற் பலருடைய வீட்டில் மாடு நிற்கிறது. வைரசோடு வேலை செய்த நாளில் அணிந்த மேலங்கியையும் செருப்பையும் ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டுக் கைகளை நன்கு கழுவிச் செல்ல வேண்டும். அன்று பால் கறக்கும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுவதே முறை. இந்த வைரசு கருவிலிருக்கும் கன்றைத் தொற்றினால், அக்கன்று வாழ்நாள் முழுவதும் வைரசைப் பரப்பிக்கொண்டிருக்கக் கூடும் என்பதை நினைவிற் கொண்டால் இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது.

மூன்றாம் படி: கலங்கள் தூய்மையானவையா?

இந்தப் படியிற்றான் அதிகமான ஆய்வுகள் பாழாகின்றன. எனவே இதில் சற்று நிற்போம்.

பிவிடிவிக்கு வழக்கமாகப் பயன்படுவது எம்டிபிகே என்ற மாட்டுச் சிறுநீரகக் கல வரிசை. 1957 இல் உருவாக்கப்பட்டது. கலங்களை வளர்க்கும் ஊடகத்தில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் கன்றுக் கருச் சீரத்தைச் சேர்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கருவிலேயே தொற்றிய கன்றுகளின் சீரம் கலந்திருந்தால், நீங்கள் போத்தலைத் திறக்குமுன்பே பிவிடிவி அதில் இருக்கும். மாறாக, பிவிடிவிக்கு எதிரான எதிர்ப்புடலங்கள் சீரத்தில் கலந்திருந்தால், நீங்கள் போடும் வைரசை அவையே செயலிழக்கச் செய்துவிடும். முதலாவதில் உங்களுக்குத் தெரியாத வைரசு உள்ளே இருக்கிறது. இரண்டாவதில் உங்களுக்குத் தெரியாத மருந்து உள்ளே இருக்கிறது.

பிவிடிவியில் இரண்டு உயிர்வகைகள் உண்டு. ஒன்று கலங்களைக் கொல்லும். என்ஏடிஎல் என்ற வரிசை அதற்கு எடுத்துக்காட்டு. மற்றது கலங்களைக் கொல்லாமல் உள்ளே அமைதியாகப் பெருகிக்கொண்டிருக்கும். சீரத்தின் வழியாக நுழைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. நுண்ணோக்கியில் பார்த்தால் கலங்கள் அழகாக, கல் பாவிய தளம்போல் நெருங்கி நிற்கும்; யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் அமைதியான வகை குடிகொண்ட கலத்துக்குள் கொல்லும் வகை புகுந்து பெருகுவது கடினம். தட்டில் சில குழிகளில் மட்டும் இப்படி நேர்ந்தால், அங்கே கலங்கள் சாகாமல் நிற்கும். அந்தக் குழிகளில் உங்கள் மூலிகைச் சாறு இருந்திருந்தால், நீங்கள் ஒரு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வீர்கள்.

ஆகவே: சீரம் வாங்கும்போது பிவிடிவியும் அதற்கான எதிர்ப்புடலமும் இல்லை என்று சோதித்த தொகுதியையே கேளுங்கள், கிடைக்காவிட்டால் குதிரைச் சீரத்துக்கு மாறுங்கள். கலங்கள் வந்தவுடன், வைரசின் ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் ஆர்.டி. பிசிஆர் சோதனையைச் செய்யுங்கள், முடிந்தால் வைரசுப் புரதத்துக்கான எதிர்ப்புடலத்தால் நிறமூட்டியும் பாருங்கள். காமா கதிரால் கிருமி நீக்கிய சீரத்தில் இறந்த வைரசின் ஆர்.என்.ஏ. துண்டுகள் எஞ்சியிருந்து பிசிஆரில் நேர்முடிவு காட்டக் கூடும் என்பதால், பிசிஆர் ஒன்றையே நம்பித் தொகுதி முழுவதையும் கொட்டிவிட வேண்டாம். அந்தச் சீரத்தில் கலங்களைச் சில தலைமுறை வளர்த்து, அதன்பின் நிறமூட்டிப் பாருங்கள்.

தூய்மை உறுதியான கலங்களைப் பல சிறு குப்பிகளில் திரவ நைதரசனில் வைத்துவிடுங்கள். அதற்குமுன் அவற்றை உறைய வைக்கும் மைனஸ் 80 பாகை உறைகுளிர்பெட்டி, மின்தடை நேரத்தில் மின்பிறப்பாக்கியோடு இணைந்திருக்கிறதா என்பதை உறைய வைத்த அன்றே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: முதலில் மருந்தின் நச்சுத்தன்மை

வைரசைத் தொடுமுன், உங்கள் பொருள் கலங்களையே கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இறந்த கலத்தில் வைரசு பெருகாது. அதை மருந்தின் வெற்றியாகக் கணக்கிடுவது இத்துறையின் மிகப் பழைய தவறு. 96 குழித் தட்டில் குழிக்குச் சுமார் 10,000 முதல் 20,000 கலங்களை இட்டு, மறுநாள் மருந்தை மும்மடங்கு நீர்த்தல் வரிசையில் சேர்த்து, வைரசுச் சோதனைக்குத் திட்டமிட்ட அதே காலம், அதாவது பொதுவாக 72 மணித்தியாலம், 37 பாகை செல்சியசில் வைத்து, எம்டிடி நிறச் சோதனையால் உயிருள்ள கலங்களை அளந்துகொள்ளலாம். தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைவாக ஆவியாகும். அங்கே மாதிரிகளை இடாமல் ஊடகத்தை மட்டும் நிரப்புங்கள். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 0.5 சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும்.

தாவரச் சாறுகளைச் சோதிப்பவருக்கு இங்கே ஒரு தனிப் பொறி காத்திருக்கிறது. எம்டிடி என்ற மஞ்சள் பொருளை உயிருள்ள கலங்கள் ஊதாவாக மாற்றும். கீழ்க்காய்நெல்லியில் நிறைந்திருக்கும், துவர்ப்புத் தரும் தனின் போன்ற பொருள்களும், கலம் ஒன்றுமே இல்லாமல், தாமாகவே அதை ஊதாவாக்கக் கூடும். எனவே கலமில்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் கொண்ட குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வைத்து, அந்த நிறத்தைக் கழித்துவிடுங்கள். அல்லது நிறத்தை நம்பாமல், ஊடகத்தைக் கழுவி அகற்றிய பின் எம்டிடியைச் சேருங்கள். இரண்டையும் செய்வது இன்னும் நல்லது.

சாறு எடுத்த தாவரத்தின் அடையாளமும் இந்தப் படியிலேயே உறுதியாக வேண்டும். நம் காணிகளில், கீழ்க்காய்நெல்லி அடங்கும் பைலாந்தசு என்ற பேரினத்தைச் சேர்ந்த, ஒன்றுபோலத் தோன்றும் இனங்கள் பல வளர்கின்றன. பறித்த செடியில் ஒன்றை அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதி, தாவரவியல் துறையில் மாதிரியாக வைத்துவிடுங்கள். சந்தையில் கட்டாக வாங்கிய மூலிகையில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், பின்னர் யாராலும் அதைத் திருத்த முடியாது.

ஐந்தாம் படி: தொற்றும் எண்ணிக்கையும்

கலங்கள் தட்டின் அடியை நிறைத்ததும் ஊடகத்தை அகற்றி, கொல்லும் வகைப் பிவிடிவியை அளவறிந்து சேருங்கள். பல சுற்றுப் பெருக்கத்தைப் பார்க்க 100 கலங்களுக்கு ஒரு தொற்றுத்துகள் என்ற குறைந்த அளவு போதும். ஒரு மணித்தியாலம் ஒட்டவிட்டு, கழுவி, மருந்து கலந்த ஊடகத்தை இடுங்கள். இரண்டு மூன்று நாட்களில், மருந்தில்லாத குழிகளில் கலங்கள் உருண்டு, நுரைபோலக் குமிழ்கள் காட்டி, அடியிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கும்.

இதைவிட நம்பகமானது பிளாக் எண்ணுதல். ஆறு குழித் தட்டில் தொற்றச் செய்து, மேலே மெதில்செலுலோசு கலந்த தடித்த ஊடகத்தை ஊற்றினால், வைரசு தொலைவுக்குப் பரவ முடியாமல் தான் விழுந்த இடத்தைச் சுற்றியே கலங்களைக் கொல்லும். மூன்று நாட்களின் பின் போர்மலினால் நிலைப்படுத்தி, கிறிஸ்டல் வயலட் சாயமிட்டுக் கழுவினால், ஊதாத் தரையில் வெளிறிய வட்டங்கள் தெரியும். ஒரு குழியில் 30 முதல் 80 வட்டங்கள் வரும்படி வைரசை நீர்த்துக்கொள்ளுங்கள். 5 வட்டம் 2 ஆகக் குறைந்தது என்பதை வைத்து 60 சதவீதத் தடுப்பு என்று எழுதுவது கணிதத்துக்குச் சரியாக இருக்கலாம், அறிவியலுக்குச் சரியாகாது. வட்டங்களின் எண்ணிக்கை குறையாமல் அளவு மட்டும் சிறுத்தால், மருந்து நுழைவைத் தடுக்கவில்லை, பின்வரும் பெருக்கத்தையோ பரவலையோ மந்தமாக்குகிறது என்று ஊகிக்கலாம். எனவே விட்டத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் கலம் மட்டும், வைரசு மட்டும், கரைப்பான் மட்டும், அறிந்த மருந்து ஆகிய நான்கு ஒப்பீடுகள் இருக்க வேண்டும். அறிந்த மருந்தாக ரிபாவிரின் எளிதில் கிடைக்கும். ஆனால் அது கலப் பெருக்கத்தையும் மட்டுப்படுத்தும் என்பதால் மனித ஆல்பா இன்டர்பெரோனையும் சேர்ப்பது நல்லது. மாட்டுக் கலங்கள் மனித இன்டர்பெரோனுக்கு நன்றாக எதிர்வினை காட்டுபவை. எம்டிபிகே கலங்களைக் கொண்டே மனித இன்டர்பெரோனின் வீரியத்தை அளந்துவந்திருக்கிறார்கள்.

வைரசைப் பாதியாகக் குறைக்கும் செறிவையும் கலங்களில் பாதியைக் கொல்லும் செறிவையும் கணித்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தெரிவுச் சுட்டெண் கிடைக்கும். அது 10 ஐத் தாண்டாத சாற்றை வைத்து அடுத்த படிக்குப் போக நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை.

ஆறாம் படி: எப்போது சேர்த்தால் வேலை செய்கிறது?

இதற்கு மேலதிகமாக ஒரு வாரம் செலவழித்தால் போதும். செலவழிக்காத அறிக்கைகளே அதிகம். ஒரே செறிவிலான மருந்தை நான்கு வழிகளில் சேருங்கள்: வைரசோடு மட்டும் கலந்து ஒரு மணித்தியாலம் வைத்துப் பின் நன்கு நீர்த்துத் தொற்றச்செய்வது, கலங்களுக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்துக் கழுவுவது, ஒட்டும் ஒரு மணித்தியாலத்தில் மட்டும் வைப்பது, தொற்று முடிந்த பின் சேர்ப்பது. முதல் வழியில் மட்டும் தடுப்புத் தெரிந்தால், மருந்து வைரசுத் துகளையே நேரடியாகக் கெடுக்கிறது. தனின் நிறைந்த சாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. தனின் புரதம் எதனோடும் பற்றிக்கொள்ளும் என்பதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் ஆல்புமினோடு அது பிணைந்துவிட்டால் ஈரலில் இதே வேலை நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சோதனையில் சீரத்தின் அளவைக் கூட்டிப் பாருங்கள். தடுப்பு மறைந்தால் காரணம் தெரிந்துவிடும். கடைசி வழியிலும் தடுப்பு நிலைத்தால்தான் பெருக்கத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று கையில் இருக்கிறது என்று எண்ணலாம்.

அப்படி இருந்தால், மருந்தின் செறிவை மெல்லமெல்லக் கூட்டிக்கொண்டே வைரசைப் பல தலைமுறைகள் வளர்த்து, தப்பிப்பிழைத்த வைரசின் மரபணுத் தொகுதியை வாசித்துப் பார்க்கலாம். மாற்றம் என்எஸ்5பியில் விழுந்திருந்தால், மருந்து எங்கே தைக்கிறது என்பதை வைரசே சொல்லிவிடுகிறது.

வாத்து வழி

வாத்து வைரசு முட்டை வழியாகத் தாயிலிருந்து குஞ்சுக்குப் போகிறது. ஆகவே பண்ணையிலிருந்து வாங்கும் குஞ்சுகளின் இரத்தத்தை பிசிஆரால் சோதித்து, தொற்றில்லாதவற்றைப் பிரித்த பின்பே தொடங்க வேண்டும். பொரித்த முதல் சில நாட்களில் தொற்றச்செய்த குஞ்சுகளில் தொற்று நிலைக்கும். வளர்ந்த வாத்துகள் பெரும்பாலும் வைரசை வென்றுவிடும். மருந்து கொடுக்கும் காலத்தில் இரத்தத்தில் வைரசு டி.என்.ஏ. குறைவதைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தாமல், மருந்தை நிறுத்திய பின்னும் பல வாரம் தொடர்ந்து அளந்து பாருங்கள். கலக் கருவுக்குள் வட்ட டி.என்.ஏ. வடிவில் ஒளிந்திருக்கும் வைரசுச் சேமிப்பை நியூக்கிளியோசைட்டு மருந்துகள் நேரடியாக அழிப்பதில்லை. அதனால் வைரசு மீண்டு எழும். மனிதரிலும் இதுவே நடப்பதால்தான் பி வகை நோயாளிகளில் பலர் நீண்ட காலம் மாத்திரை எடுக்க நேர்கிறது. விலங்கு ஒழுக்கநெறி ஒப்புதலும் கால்நடை மருத்துவர் ஒருவரின் துணையும் இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

விடையை எப்படி வாசிப்பது?

கீழ்க்காய்நெல்லியே இதற்குச் சிறந்த பாடம். 1987 இல் புளும்பேர்க்கும் அவரோடு பணியாற்றியவர்களும், பைலாந்தசு நிரூரி என்று குறித்த தாவரத்தின் சாறு வூட்சக் வைரசின் பிரதியெடுக்கும் நொதியத்தைச் சோதனைக்குழாயில் தடுப்பதாகவும், புதிதாகத் தொற்றிய சில வூட்சக்குகளில் வைரசு குறைந்ததாகவும் அறிவித்தனர். பி வகை வைரசின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்தமைக்காக 1976 இல் நோபல் பரிசு பெற்றவர் புளும்பேர்க் என்பதால் உலகம் செவிசாய்த்தது. மறு ஆண்டு, சென்னையில் தியாகராஜனும் புளும்பேர்க்கும் பிறரும், பைலாந்தசு அமாரசு தூளை 30 நாட்கள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நடந்ததாகவும் வெளியிட்டனர். ஆனால் தொற்றிய வாத்துகளுக்கு அமாரசைக் கொடுத்த ஆய்வில் வைரசு டி.என்.ஏ. குறையவில்லை, தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளிலும் சென்னை முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. சோதனைக்குழாயில் நொதியத்தைத் தடுப்பதும் விலங்கின் ஈரலுக்குள் வைரசைத் தடுப்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்குக் கடன் கொடுக்க முடியாது. உங்கள் பிவிடிவித் தட்டில் இதே சாறு நல்ல முடிவு காட்டினாலும், 'பிவிடிவியின் பெருக்கத்தை எம்டிபிகே கலங்களில் தடுத்தது' என்று மட்டுமே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. செங்கண்மாரி என்ற சொல் அந்த அறிக்கையின் முடிவுரைக்குள் வரவே கூடாது.

எதிர்த்திசைப் பாடம் ஒன்றும் உண்டு. ஃபியாலுரிடின் என்ற மருந்து வூட்சக்குகளில் வைரசை வலுவாக அடக்கியது. விலங்குகளில் செய்த குறுகிய காலச் சோதனைகள் பெரிய எச்சரிக்கை எதையும் தரவில்லை. 1993 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்கு நீண்ட காலம் கொடுத்தபோது, 7 பேருக்குக் கடுமையான ஈரல் செயலிழப்பு ஏற்பட்டது. 5 பேர் இறந்தனர், இருவர் ஈரல் மாற்றுச் சிகிச்சையால் பிழைத்தனர். மருந்து இழைமணிகளின் டி.என்.ஏ.வைக் கெடுத்திருந்தது. பின்னர் வூட்சக்குகளுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றிலும் அதே நச்சு வெளிப்பட்டது. பதிலி விலங்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் போதிய காலம் கேட்கப்படவில்லை. நியூக்கிளியோசைட்டு ஒன்றைச் சோதிப்பவர், நான்காம் படியின் 72 மணித்தியால எம்டிடியோடு நின்றுவிடாமல், கலங்களை இரண்டு வாரம் மருந்தில் வளர்த்து ஊடகத்தில் லக்ரிக் அமிலம் கூடுகிறதா என்று அளக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

சி வகைக்கான கல அமைப்பு வந்தபின் பிவிடிவியின் வேலையே தலைகீழாக மாறியது. பெரிய மருந்து நிறுவனம் ஒன்றில், சி வகையின் பிரதியெடுக்கும் அமைப்பையும் பிவிடிவியின் அமைப்பையும் ஒன்றாக வைத்து, முதலாவதை மட்டும் தடுத்து இரண்டாவதை விட்டுவிடும் பொருள்களைத் தேடினார்கள். அந்தத் தேடல் சி வகைக்கான டக்லடாஸ்விர் என்ற மருந்துக்கு வழிவிட்டது. பதிலியாக மட்டும் பிவிடிவியை நம்பியிருந்தால் அந்த மருந்து கண்ணிலேயே பட்டிருக்காது. இன்று சி வகையை 8 முதல் 12 வாரங்களில் பெரும்பாலோருக்கு முற்றாகக் குணப்படுத்தும் மருந்துகள் இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர் பிவிடிவியைப் பயிற்சிக் களமாகவும் முதல் சல்லடையாகவும் கொள்வதே பொருத்தம்.

சல்லடையைத் தாண்டிய பொருள் கிடைத்தால், அடுத்து அதைச் சி வகையின் கல அமைப்பு உள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது தூய்மையான பொருளின் எடை, கரைப்பான், சேமித்த வெப்பநிலை, நச்சுச் செறிவு, தடுப்புச் செறிவு, ஆறாம் படியின் நான்கு முடிவுகள், சீரத்தின் தொகுதி எண், தாவர மாதிரியின் பதிவெண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். வேலை செய்யாத செறிவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். எஞ்சிய வைரசுத் தட்டுகளைச் சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஊறவைத்து, பின் 121 பாகையில் அழுத்தக் கொதிகலனில் வைத்து அழித்துவிட்டு, அழித்த நாளையும் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திடுங்கள்.